மாலை போட்டவருக்கு விரதம் உண்டு, கைப்பட்டை போட்டவருக்கு?

பெறுநர்: களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலை வட்டாரக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள், மாணவர் பேரவை நிர்வாகிகள், இளையோர் செஞ்சிலுவைச் சங்கப் பொறுப்பாளர்கள்.

அன்புடையீர்,

வணக்கம். அக்டோபர் வந்தால் மார்பகப் புற்றுக்கு இளஞ்சிவப்பு, டிசம்பர் 1 என்றால் எய்ட்ஸ் நாளுக்குச் சிவப்பு, பிப்ரவரி 4 வந்தால் புற்றுநோய் நாளுக்கு நீலமும் ஆரஞ்சும். கல்லூரி வாசலில் மேசை போட்டு விழிப்புணர்வுக் கைப்பட்டை விற்பது நம் பக்கமும் ஆண்டுச் சடங்காகிவிட்டது. கூடவே ஒரு பட்டிமன்றமும் வந்துவிடுகிறது: இதை அணிவது உண்மையான அக்கறையா, வெறும் ஃபேஷனா? எங்களுக்கு அந்த இரண்டு அணியிலும் இடம் இல்லை. போட்டவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் அளக்க முடியாது. பட்டை விற்ற பணம் எங்கே போனது, போட்டவர் அதற்கப்புறம் என்ன செய்தார் என்ற இரண்டையும் அளந்துவிடலாம். எனவே அந்த இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறோம். (பேண்ட் என்று எழுதினால் கால்சட்டை ஞாபகம் வருகிறது, கைப்பட்டை என்றே வைத்துக்கொள்வோம்.)

தமிழ்நாடு-கேரள எல்லையின் இரு பக்கமும் ரத்ததானப் பட்டியல் பராமரிப்பதும், திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கும் அங்குள்ள வட்டாரப் புற்றுநோய் மையமான ஆர்சிசிக்கும் போகிற நோயாளர்களுக்கு வழி சொல்வதும் எங்கள் வேலை. பட்டையை நிறுத்தச் சொல்லி நாங்கள் எழுதவில்லை.

உடம்பில் அடையாளம் அணிவது நம் ஊருக்குப் புதிதல்ல. ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள் விரதம். கோயில் கொடைக்குக் காப்புக் கட்டியவர் காப்பு அவிழ்க்கிற வரை ஊர் எல்லை தாண்டுவதில்லை. உத்தரியம் அணிந்த கத்தோலிக்கருக்கு அன்றாடச் செபம் உண்டு. மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒருவர் பரோட்டாவும் பீஃபும் கேட்டால் கடைக்காரரே ஏற இறங்கப் பார்ப்பார். ஏனென்றால் அடையாளத்தோடு ஒட்டிய கடமை என்னவென்று ஊருக்கே தெரியும். கைப்பட்டைக்கு மட்டும் அப்படி ஒரு விரதம் எழுதப்படவில்லை. அதை எழுதிச் சேர்த்து விற்கச் சொல்லித்தான் இந்த மடல்.

இது எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கான ரிப்பன் தொடங்கியதே அப்படித்தான். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற அம்மையார் பீச் நிறத்தில் துணி ரிப்பன் செய்து வினியோகித்தார். ஒவ்வொன்றோடும் ஓர் அட்டை இருந்தது. தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆண்டுச் செலவுத் திட்டம் 180 கோடி டாலர், அதில் தடுப்புக்குப் போவது 5 சதவீதம்தான், சட்டமன்றத்தாரை விழிக்க வையுங்கள் என்பது அதன் சாரம். ஒரு பத்திரிகையும் ஓர் அழகுசாதன நிறுவனமும் அவரோடு சேர்ந்து அதைப் பெரிதாக்க விரும்பின. வணிகமாகிவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். நிறத்தை இளஞ்சிவப்பாக மாற்றி 1992இல் அவர்களே வெளியிட்டார்கள். நிறம் மாறியதில் பெரிய நட்டமில்லை. அந்த அட்டை போனதுதான் நட்டம். ரிப்பன் உலகம் முழுக்கச் சுற்றியது; அதோடு வந்த கோரிக்கை வீட்டிலேயே தங்கிவிட்டது.

சிலிகான் பட்டையின் கதை 2004 மே மாதம் தொடங்குகிறது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் அறக்கட்டளையும் நைக்கியும் சேர்ந்து மஞ்சள் பட்டையை ஒரு டாலருக்கு விற்றன. இரண்டரைக் கோடி டாலர் திரட்டுவது இலக்கு. விற்பனையோ காலப்போக்கில் 8 கோடிப் பட்டைகளைத் தாண்டியது. ஃபேஷன் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அழகுக்காகப் போட்டிருந்தாலும் அறக்கட்டளைக்குப் பணம் வந்தது உண்மை. மறுபக்கமும் உண்டு. 2012இல் ஊக்கமருந்து விவகாரத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் பறிபோனபோது, புற்றுநோயாளிகளுக்காக அணிந்த பட்டை ஒரே நாளில் ஒரு விளையாட்டு வீரரின் மானக்கேடாக மாறியது. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது: பட்டையில் யார் பெயரையும், எந்த நடிகரின் முகத்தையும், எந்தக் கட்சியின் நிறத்தையும் ஏற்றாதீர்கள். ஆள் சரிந்தால் காரியமும் சேர்ந்து சரியும்.

அடையாளம் அணிந்தால் ஆள் இன்னும் உதவுவாரா, இல்லை 'நம் பங்கு முடிந்தது' என்று விலகுவாரா? இதைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். போர்வீரர் நினைவுநாள் பாப்பி மலரைச் சிலருக்கு எல்லோரும் பார்க்கும்படி சட்டையில் குத்திவிட்டார்கள். சிலருக்கு உறைக்குள் போட்டுத் தனியாகக் கொடுத்தார்கள். சற்றுத் தள்ளி நன்கொடை கேட்டபோது, சட்டையில் குத்திக்கொண்டவர்களைவிட உறைக்குள் வாங்கிப்போனவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். பிறர் பார்க்க அணியும்போது நல்ல பெயர் அங்கேயே கிடைத்துவிடுகிறது. அதற்கப்புறம் பை திறப்பதற்கு அவசரம் இல்லை. அந்த ஆய்விலேயே இன்னொன்றும் தெரிந்தது: தனக்கும் அந்தக் காரியத்துக்கும் உள்ள தொடர்பை உணர்ந்தவரிடம் இந்தத் தளர்வு குறைகிறது. ஆகவே பட்டை விற்கிற மேசையிலேயே அடுத்த வேலையைக் கையில் கொடுத்துவிட வேண்டும். 'அப்புறம் வாட்ஸப்பில் சொல்கிறோம்' என்றால் ஆள் போய்விடுவார்.

இனிப் பணத்துக்கு வருவோம். பெரும்பாலான விற்பனை தோற்பது இங்கேதான்; பேசப்படாததும் இதுதான்.

பெரியவர்களுக்கான வழக்கமான பட்டை சுற்றளவில் 202 மில்லிமீட்டர், அகலம் 12, தடிமன் 2. பள்ளிப் பிள்ளைகளுக்கு 180 மில்லிமீட்டர். மாணவிகளில் பலருக்கு 202 தளர்ந்து கழன்று விழும். எல்லாம் ஒரே அளவில் வாங்கினால் கால்பங்கு மேசை இழுப்பறைக்குத்தான் போகும். எழுத்தை அழுத்திப் பதித்தது, பதித்த பள்ளத்தில் மை நிரப்பியது, மேலே அச்சடித்தது என்று மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது. அச்சடித்தது விலை குறைவு, சில மாதங்களிலேயே எழுத்து உதிர்ந்து வெறும் வளையமாகிவிடும். பதித்ததற்கு அச்சு வெட்டும் செலவு தனி. அது 100 பட்டைக்கும் 1,000 பட்டைக்கும் ஒன்றுதான் என்பதால் குறைவாக எடுத்தால் ஒன்றின் அடக்கவிலை ஏறும். தரம் பார்க்க ஒரு சுலபமான வழி: பட்டையை இழுத்து முறுக்குங்கள். மடிப்பில் வெளுத்துக் கோடு தெரிந்தால் கலப்படச் சேர்மானம் அதிகம், சீக்கிரம் அறும். நல்ல சிலிகான் இழுத்தாலும் நிறம் மாறாது. ரப்பர் தோட்டத்து ஊர்க்காரர்களான நாமும் பேச்சுவழக்கில் இதை ரப்பர் வளை என்கிறோம். மரத்துப் பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மண்ணில் மட்காது, ஆக்கர் கடையிலும் (பழைய சாமான் கடை) எடுக்கமாட்டார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. விலைகள் விளக்கத்துக்காக நாங்கள் போட்டவை. உங்களுக்குக் கிடைத்த விலைப்புள்ளியை வைத்து மாற்றிப் பாருங்கள். 500 பட்டை, ஒன்று 18 ரூபாய், ஆக 9,000. அச்சுச் செலவு 2,500. கூரியர் 500. மொத்தம் 12,000. ஒன்று 30 ரூபாய்க்கு விற்றால் முதல் 400 பட்டை முதலீட்டைத் திருப்பவே போய்விடும். மிச்சம் 100 விற்றால்தான் 3,000 ரூபாய் தேறும். 100 பட்டை விற்காமல் தங்கினால் நோயாளிக்குப் போவது பூஜ்யம். ஆனால் 400 பேர் கையில் 'நான் உதவினேன்' என்று எழுதியிருக்கும். இதில் யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. கணக்கு போடாததால் வந்த வினை. பட்டையில் ஆண்டு எண்ணை அச்சடித்துவிட்டால் மிஞ்சியது அடுத்த வருடத்துக்கும் ஆகாது. எனவே ஆண்டு போடாதீர்கள். பாதி எண்ணிக்கைக்கு முன்பணம் வசூலான பிறகே ஆர்டர் கொடுங்கள்.

அதே வேலையை ரிப்பனில் செய்து பாருங்கள். ஒரு வளையத்துக்கு 15 சென்டிமீட்டர் போதும். 500 பேருக்கு 75 மீட்டர், அதாவது 25 மீட்டர் சுருள் மூன்று. 500 ஊக்கு. சாட்டின் ரிப்பனை வெட்டினால் நுனி பிரியும். மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு நொடி காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். கருகும் அளவுக்குப் பிடிக்க வேண்டாம். நாலு பேர் ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிந்தது. மார்த்தாண்டம் ஃபேன்சி கடையில் விலை விசாரித்தாலே சிலிகானுக்கும் இதற்கும் உள்ள தூரம் விளங்கும். சிலிகான்தான் வேண்டும், பிள்ளைகள் அதைத்தான் வாங்குவார்கள் என்றால் சரி, வாங்குங்கள். செலவுக்கு ஆள் பிடித்துவிட்டு, விற்ற பணம் முழுவதையும் நன்கொடையாக்குங்கள்.

பணம் வாங்கும் முறை: மாணவர் ஒருவரின் சொந்த ஜிபே எண்ணை மேசையில் ஒட்டாதீர்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சொந்தச் செலவும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்தால் பிரித்துக் காட்ட முடியாது. பழி அவர் தலையில் விடியும். பணம் சேர வேண்டிய அமைப்பின் வங்கிக் கணக்குக்கான கியூஆர் அட்டையையே வாங்கி ஒட்டுங்கள். பட்டைகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி, எடுத்தவர் கையெழுத்து, திரும்பிய எண்ணிக்கை, கட்டிய தொகை என்று ஒரே தாளில் எழுதுங்கள். விற்பனை முடிந்த ஏழாம் நாள் அந்தத் தாளும் அமைப்பு கொடுத்த ரசீதும் அறிவிப்புப் பலகையில் ஏறட்டும். வரிவிலக்கு கேட்டுப் பெரிய தொகை தருகிற ஆசிரியர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடையாது, பட்டை வாங்கிய விலை நன்கொடை ஆகாது. 'வருவாயில் ஒரு பகுதி' என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். எந்தப் பகுதி? ரூபாயில் எழுதுங்கள்.

அடுத்தது 'விழிப்புணர்வு'. எதைப் பற்றி விழித்துக்கொள்வது? இளஞ்சிவப்புப் பட்டை போட்ட 19 வயது மாணவியிடம் கேட்டால் 'மார்பகப் புற்றுநோய்' என்பார். அந்தப் பெயர் எல்லோருக்கும் ஏற்கனவே தெரியும். தெரியாதது, யாரை, எந்த வயதில், எங்கே அனுப்ப வேண்டும் என்பது. அறிகுறி இல்லாத 19 வயதுப் பெண்ணுக்கு மேமோகிராம் யாரும் பரிந்துரைப்பதில்லை. அவள் வீட்டில் இருக்கிற அம்மா, சித்தி, பெரியம்மாதான் இந்தப் பட்டைக்கு உரியவர்கள். 30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையும் பரிசோதிப்பது அரசின் தொற்றாநோய்த் திட்டத்திலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். வலியில்லாத கட்டி, உள்ளிழுத்த முலைக்காம்பு, ரத்தம் கலந்த கசிவு, ஆரஞ்சுத் தோல் போலத் தடித்த இடம், இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை முகாம் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். 'வலிக்கலையே, அப்ப ஒண்ணுமில்ல' என்ற நினைப்புதான் மிக அதிக மாதங்களைத் தின்கிறது.

நம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு, அதற்கு யாரும் பட்டை விற்பதில்லை: வாய்ப் புற்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லையின் இரு பக்கமும் ஒன்றுபோலத்தான். இதைப் பற்றி உலகம் மேற்கோள் காட்டுகிற ஆய்வு நம் பக்கத்து வீட்டில் நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 13 பஞ்சாயத்துத் தொகுதிகளில் 35 வயது தாண்டிய ஏறத்தாழ 1,90,000 பேரைச் சேர்த்து ஆர்சிசி ஆய்வாளர்கள் நடத்தினார்கள். ஏழு தொகுதிகளில் மருத்துவம் படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மற்ற ஆறில் வழக்கமான சிகிச்சை மட்டும். 2005இல் வந்த முடிவு: புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம், பரிசோதனை நடந்த தொகுதிகளில் வாய்ப் புற்றால் இறப்பது 34 சதவீதம் குறைந்திருந்தது. அந்தப் பழக்கங்கள் இல்லாதவர்களிடம் அப்படிப் பலன் தெரியவில்லை. பெரிய எந்திரம் எதுவும் இல்லை. வெளிச்சமும், பயிற்சி பெற்ற கண்ணும், வீடு ஏறி இறங்குகிற காலும்தான்.

பயிற்சி இல்லாமல் மாணவர்கள் நோயைச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் வீட்டில் இருக்கிறவர்களை அனுப்பி வைக்குமளவுக்குப் பார்க்கலாம். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லி, ஃபோன் டார்ச்சைப் பிடியுங்கள். உதட்டின் உட்பக்கம், இரு கன்னத்தின் உட்பக்கம், ஈறு, நாக்கின் இரு ஓரம், நாக்கை மேலே தூக்கி அதன் அடி, கடைசியில் அண்ணம். பாக்கு அடக்கி வைக்கிற கன்னத்தை இரண்டு முறை பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், கழுத்தில் கட்டி, இவை இருந்தால் அடுத்த நாளே ஆஸ்பத்திரி. அவருடைய மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நுழைக்குமளவு வாய் திறக்கவில்லை என்றால் அதுவும் பாக்கின் வேலையாக இருக்கலாம். காரம் பட்டால் எரிகிறது என்பதை அல்சர் என்று சொல்லி மாத்திரை வாங்கித் தின்பது நம் ஊர்ப் பழக்கம். அதைத் தடுத்தாலே பெரிய காரியம்.

ரத்தத்துக்கு வருவோம், ஏனென்றால் கல்லூரிகளின் பலம் இதுதான், வீணாவதும் இங்கேதான். கல்லூரி ஆண்டு விழாவில் ஒரே நாளில் 200 பேர் கொடுத்தால் படம் அழகாக வரும். சிவப்பணுக்கள், பையில் சேர்க்கும் பாதுகாப்புக் கரைசலைப் பொறுத்து 35 முதல் 42 நாள் தாங்கும். தட்டணுக்களோ (பிளேட்லெட்) 20 முதல் 24 டிகிரியில், ஓயாமல் அசைத்துக்கொண்டே வைத்தாலும் ஐந்தே நாள். ரத்தப் புற்றுக்கு மருந்து ஏறுகிற குழந்தைக்குத் தட்டணு வேண்டியது உங்கள் ஆண்டு விழா முடிந்த மூன்றாம் வாரமாக இருக்கும். அப்போது தேவை ஒரு நாள் கூட்டம் இல்லை, வாரா வாரம் வரும் ஐந்து பேர்.

கணக்கு எளிது. ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் 90 நாள் இடைவெளி. 65 மாணவர்களை வாரம் ஐந்தாகப் பிரித்தால் 13 வாரம், 91 நாள். முதல் ஐவர் மீண்டும் தயார். பெண்களுக்கு இடைவெளி 120 நாள், எனவே 18 வாரச் சுற்று தனியாக வையுங்கள். வயது 18 நிறைந்திருக்க வேண்டும், 350 மில்லி கொடுக்க எடை 45 கிலோ, 450 மில்லிக்கு 55, ஹீமோகுளோபின் 12.5. மாணவிகளில் பலர் இந்த 12.5இல் நிற்பார்கள். அவர்களை மேசையிலிருந்து வெட்கப்பட்டுத் திரும்ப விடாதீர்கள். அந்த அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்து சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். ரத்த முகாமில் ஒரு மாணவிக்குத் தன் சோகை தெரியவருவதே அந்த முகாமின் லாபம். எந்திரத்தில் சுற்றித் தட்டணுவை மட்டும் பிரித்துக் கொடுப்பவர் ஒன்றரை, இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். எடை 50 கிலோவுக்கு மேல், தட்டணு எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேல், முந்தைய மூன்று நாள் ஆஸ்பிரின் கூடாது. 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம், ஆண்டுக்கு 24 முறை வரை. முழு ரத்தம் கொடுத்தவர் 28 நாள் பொறுக்க வேண்டும். இப்படிக் கொடுத்த ஒரு பை, சாதாரணமாகப் பிரித்த ஏறக்குறைய ஆறு பைகளுக்குச் சமம்.

இடையில் ஒன்று. பட்டை போதாதென்று ரிப்பன் வடிவத்தை மணிக்கட்டில் பச்சை குத்திக்கொள்கிற வழக்கமும் வந்திருக்கிறது. பச்சை குத்தியவர் 12 மாதம் ரத்தம் கொடுக்க முடியாது. ஆதரவைத் தோலில் எழுதியதாலேயே ஒரு வருடம் ஆதரவு தர முடியாமல் போவதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பட்டையை யாருக்கு மாட்டக் கூடாது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். மார்பக அறுவையில் அக்குள் நெறிக்கட்டி எடுத்தவருக்கு அந்தப் பக்கக் கையில் நீர் கோத்து வீங்கலாம். இறுக்கமான எதுவும் அங்கே ஆகாது. மேடைக்கு அழைத்து மரியாதை என்று அந்தக் கையிலேயே மாட்டிவிடுகிறார்கள். வார்டுக்குள் போகிறவர்கள் கழற்றிவிட்டுப் போகட்டும். ஆஸ்பத்திரிகளில் நிறப் பட்டைக்கு வேறு பொருள் உண்டு, இடத்துக்கு இடம் மாறவும் செய்யும். 2004இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சில மருத்துவமனைகளில் மஞ்சள் பட்டை என்றால் 'இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம்' என்ற குறி. ஆம்ஸ்ட்ராங் பட்டை போட்டுவந்த நோயாளிகளிடம் அதைக் கழற்றச் சொல்லவோ டேப் சுற்றி மறைக்கவோ வேண்டியதாயிற்று. மற்றபடி சோப்பு நுரை பட்டைக்கு அடியில் தங்கினால் அரிக்கும். குளிக்கும்போது கழற்றினால் போதும்.

மலையாளமும் தமிழும் வாசிக்கத் தெரிந்த மாணவர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். அது வேறு எந்த ஊர்க் கல்லூரிக்கும் இல்லாத செல்வம். களியக்காவிளையில் ஒரு பஸ் முடிந்து, மறு பஸ் ஏறி, திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கி, மெடிக்கல் காலேஜுக்கு மூன்றாவது பஸ் பிடித்து வருகிற பாட்டிக்குக் கவுண்டர் பலகை வாசிக்கத் தெரியாது. ஓ.பி. சீட்டு எங்கே, ரத்த வங்கி எங்கே, மருந்தகம் எங்கே என்று இரு மொழியிலும் ஒரு தாள் எழுதி, மாதம் ஒருமுறை சரிபார்த்து, எல்லைப் பஸ் நிலையத்தில் ஒட்டுங்கள். எந்த மாநிலக் காப்பீட்டு அட்டை எந்த ஆஸ்பத்திரியில், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேட்டு எழுதுங்கள். யூகித்து எழுதினால் ஒருவர் கடன் வாங்க நேரும். சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி வரை போகிற நோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் என்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி முத்திரையோடு உரிய படிவம் வேண்டும். நோயாளியோடு போனால் படம் எடுக்காதீர்கள், பட்டை போட்ட கையோடு செல்ஃபி என்றாலும் சரி.

இனி உங்களிடம் நாங்கள் கேட்பது. திட்ட அலுவலர்களே, உங்கள் தொண்டர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் காட்ட வேண்டும். கைப்பட்டை விற்ற நேரத்தை அந்தக் கணக்கில் எழுதாதீர்கள். ரத்தச் சுற்றுப் பட்டியல், வாய்ப் பரிசோதனைக்கு ஆள் அழைத்துப் போனது, வழிகாட்டித் தாள், வீட்டோடு கிடக்கும் நோயாளியைப் பார்க்கப் போனது, இவற்றை எழுதுங்கள். கேரளத்தின் வலிதணிப்புக் குழுக்கள் பக்கத்து வீட்டுத் தொண்டரிடம் கேட்டது வாரம் இரண்டு மணி நேரம்தான். ஆண்டுக்கு அது நூறு மணி நேரத்தைத் தாண்டிவிடும். உங்கள் 120இல் பெரும்பகுதி அங்கேயே நிறைந்துவிடும். ஏழு நாள் சிறப்பு முகாமில் ஒரு நாளை சுகாதார நிலையச் செவிலியரின் வாய்ப் பரிசோதனைப் பயிற்சிக்கு ஒதுக்கலாம்.

பேரவை நண்பர்களே, பட்டையோடு ஓர் அட்டை கொடுங்கள், தமிழிலும் மலையாளத்திலும். உள்ளங்கை அளவு போதும். இப்படி எழுதலாம்: 'இதை அணியும் நான், 30 நாளுக்குள் என் வீட்டில் 30 வயது தாண்டிய ஒருவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவேன், அல்லது ரத்தச் சுற்றில் என் பெயரைச் சேர்ப்பேன். முடித்ததும் இந்த அட்டையைத் திருப்பித் தருவேன்.' அட்டையில் வரிசை எண் இருக்கட்டும். பரிசோதனை முடிவை அதில் எழுத வேண்டாம், அது அவரவர் சொந்த விஷயம். தேதி மட்டும் போதும். முப்பதாம் நாள் எத்தனை அட்டை போயிற்று, எத்தனை திரும்பிற்று என்று பலகையில் எழுதுங்கள். ஐந்நூறில் நாற்பதுதான் திரும்பினாலும் மறைக்காதீர்கள். நாற்பது பேர் சொன்னதைச் செய்து முடித்தார்கள் என்பது முந்தைய ஆண்டுகளில் எத்தனை என்ற எண்ணே இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

செப்டம்பர் முதல் வாரத்துக்குள் உங்கள் கல்லூரியின் ரத்தச் சுற்றுப் பட்டியலை ஆயத்தம் செய்துவிட்டால் அக்டோபருக்கு முன் இரு பக்கத்து ரத்த வங்கிகளிலும் கொடுத்துவிடலாம். பெயர், ரத்த வகை, எடை இவற்றோடு, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதியையும் எழுதுங்கள். பலரும் அந்தக் கட்டத்தைத்தான் காலியாக விடுகிறார்கள், காலியாக இருந்தால் இரவு பதினொரு மணிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று தெரியாது.

இங்ஙனம்,
எல்லை வட்டார ரத்ததான, நோயாளர் வழித்துணைத் தன்னார்வலர்கள்
களியக்காவிளை